பிறக்காதவர்களின் பங்கு

வாவியின் உப்பை அளக்க சிக்ரிட்டிடம் ஒரு கருவி இருந்தது. பேனாவைவிடச் சற்றுப் பருமன். அதை நீரில் அமிழ்த்திவிட்டு, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை அவள் அசையாமல் நிற்பாள். முழங்காலளவு தண்ணீர், அதில் வெளிறிய ஒரு பெண், அவளைச் சுற்றி இன்னும் நிறம் ஏறாத காலை. அந்த நேரங்களில் மொழிபெயர்க்க எதுவும் இருப்பதில்லை. சுலோஜனா கண்டல் மரங்களின் வேர்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, தன் வாய் தனக்கே திரும்பி வந்துவிட்டதுபோல் சும்மா இருப்பாள்.

சிக்ரிட் நோர்வேயிலிருந்து வந்திருந்தாள். அங்கே கடலில் மீன் வளர்த்து உலகமெங்கும் அனுப்பும் ஒரு கம்பனி, மட்டக்களப்பு வாவியில் மிதக்கும் வலைக்கூடுகள் போட்டுக் கொடுவா மீன் வளர்க்க முடியுமா என்று பார்த்துவர அவளை அனுப்பியிருந்தது. சுலோஜனா களுவாஞ்சிக்குடியில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். பள்ளிக்கூட விடுமுறையில் இந்த மொழிபெயர்ப்பு வேலை அவளிடம் வந்து சேர்ந்தது.

காரில் போகும்போதெல்லாம் சிக்ரிட் தன் நாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருவாள். மலைகளுக்கு நடுவே நீண்டு படுத்திருக்கும் கடல். குளிர்காலத்தில் மதியத்திலும் விளக்கு எரியும் வீடுகள். முன்பு மீனும் மரமும் கப்பலும்தான் பிழைப்பு. பிறகு கடலுக்கு அடியில் எண்ணெய் கிடைத்தது.

“அவ்வளவு காசு ஒரேயடியாக வந்தபோது என்ன செய்தீர்கள்?” என்று சுலோஜனா கேட்டாள்.

“பயந்தோம்,” என்றாள் சிக்ரிட். “எல்லாவற்றையும் உள்ளே விட்டால் மற்றத் தொழில்கள் மூழ்கிவிடும் என்று பயந்தோம். அதனால் பெரும்பகுதியை வெளியே அனுப்பி, உலகம் முழுவதும் உள்ள கம்பனிகளில் சிறுசிறு பங்குகளாகப் போட்டு வைத்திருக்கிறோம். வருகிற பயனில் கொஞ்சம்தான் எடுப்போம். மூலதனத்தைத் தொடுவதில்லை. அது எங்களுக்கு மட்டும் உரியதில்லையே. இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.”

சுலோஜனா அதைச் சாரதி நௌஷாட்டுக்குத் தமிழில் சொன்னாள். காத்தான்குடிக்காரர், எதைச் சொன்னாலும் அதில் ஒரு பகிடி கண்டுபிடிக்காமல் விடமாட்டார்.

“அப்ப பொறக்காத புள்ளைக்கும் சொத்து இரிக்கி எண்டா சொல்றா?”

“ஓம்.”

“நம்மட ஊருல பொறந்ததுக்கே ஒண்டையும் காணல்ல டீச்சர். நான் ஒருக்கா அங்க போய்ப் பொறந்துட்டு வரட்டா எண்டு கேளுங்க.”

சிக்ரிட் இதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “அதற்கும் விசா வேண்டும் என்று சொல்லுங்கள்.”

சுலோஜனா சொன்னாள். ஆனால் அவள் மனம் அங்கே இல்லை. ஒரு முழு நாடு, அலுவலகமும் கணக்காளரும் சட்டமும் வைத்துக்கொண்டு, இன்னும் பிறக்காதவர்களைப் பற்றி இவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறது. ஒருவரும் அந்த நாட்டைப் பார்த்துத் தலையைத் தடவிப் பரிதாபப்படவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன் அவளுடைய வயிற்றில் ஐந்து மாதம் இருந்த பிள்ளை தங்கவில்லை. அதன் பிறகு வைத்தியர்கள், நேர்த்திக்கடன்கள், பிறகு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை நிற்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது. விழிப்புக்கும் தூக்கத்துக்கும் இடையில் இருக்கிற அந்த மெல்லிய இடத்தில், ஆற்றங்கரைத் துண்டில் அது வந்து நிற்கும். பெண்பிள்ளை. சட்டையின் விளிம்பு நனைந்திருக்கும். முகம் எப்போதும் தண்ணீர்ப் பக்கம். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் உயரமாகும். தென்னையின் முதல் வடுவுக்குக் கீழே இருந்தவள், இப்போது அதைத் தாண்டிவிட்டாள். இதைப் பற்றிச் சுலோஜனா ஒருவரிடமும் பேசியதில்லை. கணவன் ரதீஸிடமும் இல்லை.

ஊரார் வாவியை ஆறு என்றும் சொல்வார்கள்; ஆற்றங்கரைத் துண்டு என்பது செட்டிபாளையத்தில் அவளுடைய வீட்டுக்குப் பின்னால் வாவிவரை இறங்கும் காணி. சில தென்னைகள், கீழே கண்டல், பிறகு நீர். இந்தப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்து ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். ரதீஸும் ஒரு பெட்டியோடு அப்படி வந்தவன். அம்மா அக்காவுக்கு ஒரு வீட்டையும் வட்டை என்கிற வயல்வெளியில் வயலையும் கொடுத்தாள். சுலோஜனாவுக்கு இந்த வீடும் கரையும். சுலோஜனாவுக்கு மகள் இல்லாவிட்டால் அது அக்காவின் மகள் நிருஷாவுக்குப் போகும். எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஆனால் அவளுக்கு முன்னால் யாரும் அதைப் பேசியதில்லை.

சிக்ரிட்டின் கருவிக்கு அந்தக் கரையைத்தான் பிடித்துப்போனது. ஆழம், நீரோட்டம், உப்பு எல்லாம் பொருந்தின. தெரு பக்கத்தில். இறங்குதுறையும் ஐஸ் அறையும் மீன்குஞ்சு வளர்க்கும் தொட்டிகளும் அங்கே வரும். கம்பனி முப்பது வருடக் குத்தகை கேட்டது.

“நல்ல விசயம்தானே, சுலோ,” என்றான் ரதீஸ். “சும்மா கிடக்கிற கரை.”

“சும்மா கிடக்கல்ல.”

“பின்ன? அங்க என்ன இரிக்கு?”

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். முப்பது வருடத்துக்கு ஒப்பம் வைத்தால், அந்தப் பிள்ளை இனி வரமாட்டாள் என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்ததாகும். அந்தக் கரையைத் தவிர அவளுக்கு நிற்க வேறு இடம் இல்லை.

வியாழக்கிழமை மீனவர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். ஊர் மீனவர்கள் வந்திருந்தார்கள். சங்கத் தலைவர் கந்தப்போடி சிக்ரிட்டுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஒரு ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். கம்பனி எத்தனை பேருக்கு வேலை தரும், கூடுகள் தோணிப் பாதையை மறிக்குமா, நோர்வேக்காரர் கொடுவா தின்பார்களா என்று கேள்விகள் வந்தன. சுலோஜனா இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் சிக்ரிட், அந்தத் தென்னங்கரை யாருடையது, அவர்கள் தர விரும்புகிறார்களா என்று கேட்டாள்.

எல்லோரும் ரதீஸைப் பார்த்தார்கள்.

“எங்கட காணிதான். தாறம் எண்டு சொல்லு சுலோ.”

“டேய், வீட்டுக்காரியக் கேட்டியாடா?” என்றார் கந்தப்போடி.

“கேக்காமலா?”

“நீ ரெண்டாந்தரம் சோறு கேக்கிறதுக்கே பயப்புடுற ஆளாச்சே!”

கட்டடம் சிரிப்பில் அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்குள்ளே சுலோஜனா சிக்ரிட்டின் பக்கம் திரும்பினாள்.

“அது என் மகளுடைய காணி.”

சிக்ரிட்டின் முகம் மலர்ந்தது. “உங்களுக்கு மகள் இருக்கிறாளா? நீங்கள் சொல்லவே இல்லையே. எத்தனை வயது?”

“பதினொன்று.”

அந்த அறையில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் இருவர்தான். ஒரு தோணியைக் கரையிலிருந்து மெல்லத் தள்ளிவிட்டதுபோல அந்தச் சொல் அவளைவிட்டுப் போய் மிதந்தது. எவ்வளவு இலகுவாக இருந்தது. பதினொரு வருடமாக உள்ளே சுமந்ததை வெளியே இறக்கி வைக்க ஒரு வெளிநாட்டு மொழியும் ஒரு வெளிநாட்டுப் பெண்ணும் போதுமாக இருந்தது.

சிக்ரிட் யோசித்தாள். பிறகு மிகுந்த மரியாதையோடு தலையை அசைத்தாள்.

“அப்படியானால் நாங்கள் அதைக் கேட்கக் கூடாது. எங்கள் நாட்டில் பிள்ளைக்குரிய நிலத்தைப் பெற்றோர் தாங்களாக யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. இங்கே சட்டம் வேறாக இருக்கலாம். ஆனால் எங்கள் கம்பனி ஒரு பிள்ளையின் சொத்தில் கை வைக்காது. அவளுக்காக நீங்கள் வைத்திருப்பது நல்லது.”

“என்னவாம்?” என்றார் கந்தப்போடி.

“அந்த இடம் சரிவராதாம்,” என்றாள் சுலோஜனா. “வேற கரை பாக்கப் போறாவாம்.”

சிரிப்பு நின்றது. யாரோ வாங்கி வைத்திருந்த சோடாப் போத்தல்கள் திறக்கப்படாமலே இருந்தன. வீட்டுக்கு வரும் வழியில் ரதீஸ் மோட்டார் சைக்கிளை மிக மெதுவாக ஓட்டினான்.

அடுத்த நாட்களில் சிக்ரிட், சுலோஜனா வராமலே, தெற்கே வேறு கரைகளை அளந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓய்வு. நௌஷாட் அவளைப் பாசிக்குடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணைக் காட்டி, இது நம்மட டீச்சரின் அக்கா மகள் என்று கையாலும் அரை ஆங்கிலத்தாலும் விளங்கப்படுத்தினார். அந்தப் பெண் நிருஷா.

நிருஷா லீவு எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினாள். குசினிக்குள் வந்து, பலகையில் உட்கார்ந்து, சுலோஜனா தேத்தண்ணி ஊற்றத் தொடங்கியதும் பேச்சை எடுத்தாள்.

“சின்னம்மா, எனக்கு ஒரு தங்கச்சி இரிக்காமே. பதினொரு வயசாம்.”

வெளியே முற்றத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ரதீஸின் கை நின்றதைச் சுலோஜனா ஜன்னல் வழியே கண்டாள்.

“அந்த வெள்ளைக்காரப் பொம்புள சொல்றா, உன்ட தங்கச்சிக்கு இதக் குடு எண்டு. ஒரு சொக்கலேட் பெட்டி தந்து விட்டிரிக்கா. நான் என்னெண்டு சொல்ற? வாங்கிட்டு வந்திட்டன். அவள்ற காணி எண்டுதான் கம்பனி நம்மட கரைய விட்டதாம்.” பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். “பேர் என்ன சின்னம்மா அவளுக்கு?”

“பேர் வைக்கல்ல,” என்றாள் சுலோஜனா.

“பதினொரு வருசமாப் பேரில்லாமலா வளத்தீங்க?”

கேலியாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது அவளுடைய உதடு கோணியது.

“நான் மீன்வளர்ப்பு டிப்ளோமா முடிச்சிரிக்கன். இந்தக் கம்பனி வருதெண்டு கேட்ட நாளிலயிருந்து எனக்கு நித்திரை இல்ல. அந்தத் தொட்டியில குஞ்சு பாக்கிற வேலை எனக்குத்தான் எண்டு நினைச்சன். நீங்க என்னை ஒருக்காவது நினைச்சீங்களா? பொறக்காதவளுக்குக் காணி. பொறந்தவள் பாசிக்குடாவில ஆக்கள்ற பெட்டிக்கு நம்பர் ஒட்டுறாள்.”

சுலோஜனா அவளைப் பார்த்தாள். கோபத்தில் சிவந்த மூக்கு. இடது புருவத்துக்கு மேலே சின்ன வயதில் விழுந்த காயத்தின் தழும்பு. ஹோட்டலுக்காக இழுத்துக் கட்டிக் கட்டி நெற்றியோரம் மெலிந்துபோன முடி. இவளைப் பிறந்த அன்றே தூக்கியவள் அவள். ஆனால் கடைசியாக எப்போது இப்படிப் பார்த்தாள்? முகம் காட்டாத ஒருத்தியையே பார்த்துக்கொண்டிருந்ததில், முகம் உள்ளவள் கண்ணுக்கு முன்னால் இருபத்துமூன்று வயதாகிவிட்டாள். வருந்துவதற்கும் வெட்கப்படுவதற்கும் நடுவே ஏதோ ஒன்று அவளுடைய நெஞ்சில் அசைந்து, இடம் மாறி உட்கார்ந்தது.

“நினைக்கல்ல,” என்றாள். “உண்மையா நினைக்கல்ல மகள்.”

நிருஷா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொக்கலேட் பெட்டியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டாள். “இனி என்ன செய்யிற? திருப்பிக் குடுக்க ஏலுமா?”

ரதீஸ் வாசலில் வந்து நின்றான். அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். “அந்த வெள்ளைக்காரப் பொம்புள இப்ப தெற்குக் கரையில அளந்துகொண்டு நிக்கிறா. தெருவால போனாச் சுத்து,” என்றான். “தோணியை அவிழ்க்கட்டா?”

வாவி அன்று காற்றில்லாமல் பால் போலக் கிடந்தது. மூவரும் போன தோணியின் தடமும் உடனே அழிந்துவிட்டது. நடுவில் வந்ததும் சுலோஜனா தன் காணியை நீரின் பக்கத்திலிருந்து பார்த்தாள். இவ்வளவு காலமும் கரையிலிருந்து வாவியைத்தான் பார்த்திருக்கிறாள். இங்கிருந்து அது சின்னதாக இருந்தது. தென்னைகள், அவற்றின் தலைகீழ் நிழல், கண்டலில் ஒரு கொக்கு. அவள் நீண்ட நேரம் தேடினாள். ஒருவரும் நிற்கவில்லை. ரதீஸ் சவள் துடுப்பை நிறுத்திவிட்டு அவள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தான். அவனுடைய கண்ணும் அந்தக் கரையில்தான் இருந்தது. அவனும் எத்தனை வருடமாக அங்கே எதையாவது பார்த்தானோ என்ற எண்ணம் அவளுக்கு அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

சிக்ரிட் கருவியோடு தண்ணீரில் நின்றாள். சுலோஜனா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி அவளிடம் நடந்தாள்.

“எனக்கு மகள் இல்லை,” என்றாள். “பிறக்கவில்லை. நான் உங்களிடம் பொய் சொன்னேன்.”

இதுவும் ஆங்கிலத்தில்தான். ஆனால் இம்முறை இலகுவாக வரவில்லை. ஒவ்வொரு சொல்லையும் தரையிலிருந்து பெயர்த்து எடுக்க வேண்டியிருந்தது.

சிக்ரிட் கருவியை நீரிலிருந்து எடுத்தாள். ஈரக் கையைச் சுலோஜனாவின் தோளில் சற்று நேரம் வைத்திருந்தாள். பிறகுதான் கேட்டாள். “அப்படியானால் அந்தக் கரை யாருடையது?”

“இவளுடையது,” என்று தோணிப் பக்கம் கையைக் காட்டினாள்.

நிருஷா தோணியிலிருந்து குதித்து இறங்கினாள். ஹோட்டலில் நாள் முழுவதும் ஆங்கிலம் பேசுகிறவள், சின்னம்மாவின் பக்கத்தில் வந்து தமிழில்தான் பேசினாள். “இங்கிலீசில எனக்கு ‘வெல்கம்’ சொல்லத்தான் வரும். சண்டை பிடிக்கத் தமிழ்தான் வேணும். நீங்க சொல்லுங்க சின்னம்மா. முப்பது வருசம் ஏலாது. பத்து. அதுக்குப் பிறகு திருப்பிக் கதைப்பம். தோணி போற வழிய மறிக்கக் கூடாது. குஞ்சு வளக்கிற இடத்தில எனக்கு வேலை. காணி என்னட பேரிலயே இரிக்கும்.”

சுலோஜனா வாயைத் திறந்தாள். “இது என் காணி,” என்று தொடங்கினாள், நிருஷாவின் இடத்தில் நின்று. ஆயிரம் தடவை தன் மகளுக்காக மனதில் சொன்ன சொற்கள். இன்று அவை அவளுக்குள் எங்கும் தங்காமல் அவளைக் கடந்து போயின, வலையின் கண் வழியே நீர் போவதுபோல. வலிக்கும் என்று நினைத்தாள். வலித்தது. ஆனால் நிறுத்தத் தோன்றவில்லை. வழியைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பத்து வருடத்தைப் பற்றியும் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

சிக்ரிட் உதட்டைக் கடித்தாள். கூடுகளும் ஐஸ் அறையும் போட்டு, போட்ட முதல் திரும்பி வர எவ்வளவு காலம் பிடிக்கும் என்று விளக்கினாள். பத்து வருடத்தை மேலிடம் ஏற்காது. இருபத்தைந்து என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

‘வெல்கம்’ மட்டும்தான் வரும் என்ற நிருஷா மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. பின்னால் தோணியில் இருந்த ரதீஸ் சிரிப்பை அடக்கக் குனிந்து தண்ணீர் இறைப்பதுபோலப் பாவனை செய்தான்.

“ஏலாதெண்டு சொல்லுங்க, சின்னம்மா. காணி எங்கயும் ஓடாது. ஆறுதலாக் கேட்டுட்டு வரட்டும்.”

சுலோஜனா சொன்னாள்.