கேட்காமல் வாங்கிய சம்மதம்

“வைத்தியம் பாக்கற டாக்டர்னா எனக்குப் புரியும். நோயாளியை வெச்சு ஆராய்ச்சின்னா என்ன அது?” மாமனார் தட்டிலிருந்து தலை நிமிராமலே கேட்டார். “ஏதோ வில்லங்கம் இருக்கு.”

“வில்லங்கம் ஒண்ணுமில்ல மாமா. ரெண்டு மருந்துல எது நல்லாக் கேக்குதுன்னு பாக்கறோம்.”

“அதுக்கு அந்தப் பெரிய டாக்டரோட இருட்டற வரைக்கும் இருக்கணுமா?” என்றாள் மாமியார். சந்தேகம் எங்கே சுற்றினாலும் அங்கே வந்துதான் உட்காரும். கணவன் தண்ணீர் குடித்தான். இந்த மாதிரி நேரங்களில் அவனுக்குத் தாகம் அதிகம்.

மருமகள் டாக்டருக்குப் படித்து முடித்த பிறகு, இந்த ஆராய்ச்சிப் பயிற்சியில் இடம் பிடிக்க நாயாய் அலைந்திருந்தாள். அது கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள்.

மறுநாள் பயிற்சித் தலைவரான அந்தப் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். மூச்சிரைப்புக்காரப் பெண் ஒருத்தியை அவள் ஆராய்ச்சியில் சேர்த்திருந்தாள். சரியென்று சொன்னது அந்தப் பெண்ணின் புருஷன்.

“புருஷன் தலையாட்டினா செல்லாதும்மா. அந்த அம்மா வாயால சொல்லணும். போய்த் தனியாக் கேளு.”

அவர்மேல் அவளுக்கு மரியாதை கூடியது. புருஷனை வெளியே உட்காரவைத்துவிட்டு எல்லாவற்றையும் விளக்கினாள். அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதுவரைக்கும் என்னை யாரும் எதுவும் கேட்டதில்ல. நீங்க மட்டும் எதுக்குக் கேக்கறீங்க?”

“உடம்பு உங்களுதாச்சே.”

“வேண்டாம்னா வைத்தியத்தை நிறுத்திடுவீங்களா?”

“மாட்டோம்.”

“அப்ப வேண்டாம்” என்றாள். சொல்லிப் பார்த்ததில் ருசி கண்டுவிட்டாள் போலிருக்கிறது, இன்னொரு முறையும் சொன்னாள். “வேண்டாம்.”

ஆராய்ச்சிக்கு ஓர் ஆள் குறைந்தும் இளம் டாக்டருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் அவள் இருக்கையில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். தலைவரின் அறைக்கு ஓடினாள்.

“உன் மாமனார் போன் பண்ணாரும்மா. குடும்பத்துக்குச் சரிப்பட்டு வரலைன்னார். பெரியவர் பேச்சைத் தட்ட முடியுமா? உன் இடத்தை இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டேன்.”

“என்கிட்ட கேக்கலையே சார்?”

“உன்கிட்ட என்ன கேக்கறது? அதான் வீட்டுல முடிவு பண்ணிட்டாங்களே.”

அவர் நிஜமாகவே விளங்காமல் பார்த்தார்.

“நான் முடிவு பண்ணலை சார். நான் போகவும் மாட்டேன்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அன்று அவர் எடுக்க வேண்டிய பாடம், நோயாளியிடம் சம்மதம் கேட்பது எப்படி என்பது. அவள் அவருக்கு முன்பாகவே வகுப்புக்குப் போய்விட்டாள். உட்கார இடமில்லை. பின்சுவரோரம், அவர் கண்ணுக்கு நேராக நின்றுகொண்டாள்.