வாய் இல்லாத பானைகள்

எங்கள் வீட்டு வாசலில் அக்காவின் பெயர்ப்பலகை ஒரு வருடமாகத் தொங்குகிறது. அதில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று இருக்கிறது. பட்டம் இன்னும் வரவில்லை என்பதால் அப்பா அந்த ஒரு சொல்லின் மேல் மட்டும் காகிதம் ஒட்டி வைத்திருந்தார். மழையில் அது அவ்வப்போது உரிந்துபோகும். அப்போதெல்லாம் யாராவது காய்ச்சலோடு வந்து கதவைத் தட்டுவார்கள். அம்மா அவர்களுக்கு வெந்நீர் கொடுத்து, “அவ செத்தவங்களைத்தான் பாக்கறா” என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

அக்கா தொல்லியல் ஆய்வு மாணவி. நான் அதே துறையில் முதுகலை. ஒரே வீட்டில் இரண்டு பேர் மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்பதைச் சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்று அப்பாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. “ரெண்டு பேரும் ஃபீல்டு வொர்க்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

அக்காவின் ஆய்வேடு ஒரே ஒரு குழியின் மேல் நின்றது. ஊருக்கு வெளியே ஒரு மேடு, அதன் சரிவில் அந்தக் குழி. இந்த மாதிரிக் குழியை முதலில் பாதி மட்டும் தோண்டி, மறுபாதியைத் தொடாமல் வைப்பது எங்கள் வழக்கம். அப்போதுதான் நடுவில் மண் அடுக்குகள் வெட்டிய கேக் மாதிரித் தெரியும். போன வருடம் தோண்டிய பாதியில், மிகப் பழைய கறுப்புப் பானை ஓடுகளும், அவற்றுக்கு ஆயிரம் வருடம் பிந்திய சிவப்பு ஓடுகளும் ஒன்றாகக் கிடந்தன. பெரிய துண்டுகள் அடியில், சிறியவை மேலே, அதற்கும் மேல் கல் இல்லாத சுத்தமான மணல். எல்லாமே பானைகளின் வயிற்றுப் பகுதி. விளிம்புத் துண்டு ஒன்றுகூட இல்லை.

இதற்கு அக்கா நான்காம் அத்தியாயத்தில் விளக்கம் எழுதினாள். இடைக்கால மக்கள் நிலத்தைத் தோண்டும்போது முன்னோரின் பானைகளைக் கண்டிருக்கிறார்கள். பயபக்தியோடு எடுத்து, தங்கள் பானைகளையும் கூடச் சேர்த்து, முறையாக அடுக்கி மறுபடி புதைத்திருக்கிறார்கள். விளிம்பு என்பது பானையின் வாய். இறந்தவர்கள் பேசக்கூடாது என்று வாயை மட்டும் உடைத்து எடுத்திருக்கிறார்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்பு ‘மறக்காத மக்கள்’. படித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அக்கா எழுதிய எதையும் படித்து எனக்கு அப்படி ஆனது அதற்கு முன் ஒரு தடவைதான். அது, நான் அவள் சைக்கிளை உடைத்ததைப் பற்றி அப்பாவுக்கு அவள் எழுதிய புகார்.

மறுபாதியையும் தோண்டிப் படம் எடுத்துச் சேர்த்துவிட்டால் அடுத்த மாதம் சமர்ப்பித்துவிடலாம். அதற்காகத்தான் வந்திருந்தோம். அக்கா குழி விளிம்பில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். நான் உள்ளே கரணையால் சுரண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரை மாணவர்கள் ‘சல்லடை சார்’ என்பார்கள். மற்றவர்கள் ஒரு தடவை சலித்த மண்ணை அவர் மறுபடி சலிப்பார்.

சல்லடை சார் ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் சொல்வது ஒன்றுதான். “குழியை மூடறதுக்கு முன்னாடி, அடியில இந்தக் காலத்துப் பொருள் ஒண்ணு போடுங்க. பின்னாடி வர்றவன் தோண்டினா, நமக்கு முன்னாடியே ஒருத்தன் வந்துட்டுப் போயிட்டான்னு தெரியணும்.” உலகத்தில் மற்றவர்கள் நாணயம் போடுவார்கள். சார் கோலிக்குண்டு போடுவார். உள்ளே நீலப் பூ இருக்கும் கோலி. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். அவர் நடந்து வருவது கண்ணுக்குத் தெரியும் முன் காதுக்குத் தெரிந்துவிடும்.

குழியின் அடித்தளத்தை எட்டியிருந்தேன்.

“என்னடா, சத்தத்தையே காணோம்? தூங்கிட்டியா?” என்றாள் அக்கா.

“இல்லக்கா. ஒண்ணு வந்திருக்கு.”

“என்னது?”

“உருண்டையா, கண்ணாடி. உள்ள நீலமா இருக்கு.”

பென்சில் கீழே விழுந்தது. “மணியா? தொளை இருக்கா பாரு.”

“தொளை இல்ல.”

“அப்போ தொளை போடறதுக்கு முன்னாடி இருக்கிற மணி. டேய், பக்கத்துலயே பட்டறை இருந்திருக்கும்டா! கையால தொடாத, படம் எடுக்கணும்...”

“அக்கா,” என்றேன். “இது கோலி.”

அவள் இறங்கி வந்து என் பக்கத்தில் குந்திப் பார்த்தாள். அதை நான் எந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாலும் கோலியாகவே இருந்தது.

“எலி இழுத்துட்டு வந்திருக்கும்,” என்றாள்.

“இருக்கும்.”

“எலி வளை ஏதாவது தெரியுதா?”

“தெரியல. போகும்போது மூடிட்டுப் போற எலியா இருக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. கூடாரத்தைப் பார்த்தாள். சார் டீயில் விழுந்த எறும்பை விரலால் எடுத்துக்கொண்டிருந்தார்.

“பாக்கெட்ல போடு,” என்றாள்.

போட்டேன். கால்சட்டைப் பையில் அது ஒரு கோலியின் எடைதான் இருந்தது. ஆனாலும் அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிற மாதிரி எனக்குப் பட்டது. பெயர்ப்பலகையை நினைத்தேன். அப்பா காகிதத்தை உரிக்கும் தினத்தில் அணிய ஒரு சட்டை தனியாக வைத்திருக்கிறார். இந்த மேட்டில் கோலியைப் பார்த்தது நாங்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி சொல்லமாட்டாள். இன்னொருவன் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அந்த அளவுக்குக் கல்லூரியில் எனக்கு நல்ல பெயர்.

அக்கா மறுபடி மேலே போய் வரைய உட்கார்ந்தாள். காகிதத்தில் ஒரு கோடும் விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“ஒரு குழியை முடிச்சதும் நாம டிபார்ட்மென்டுக்கு எதைடா எடுத்துட்டுப் போறோம்?”

“விளிம்பை. அதை வச்சுத்தானே காலம் சொல்ல முடியும்.”

“மத்த ஓடு?”

“எல்லாத்தையும் தூக்கிட்டுப் போக வண்டி ஏது? குழியிலயே போட்டு...”

நான் நிறுத்திவிட்டேன். அவளே முடித்தாள். “குழியிலயே போட்டு மூடிடுவோம். கறுப்பு, சிவப்பு எல்லாம் ஒண்ணா.” பென்சிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். “அதாண்டா வாயைக் காணோம்.”

“அக்கா, யாருக்கும் தெரியாது.”

“இப்ப தெரியாது. இன்னும் நூறு வருஷம் கழிச்சு என்னை மாதிரி ஒரு லூசு வந்து இங்க தோண்டுவாடா. கோலி இருக்காது. அவளும் ஒரு நாலாம் அத்தியாயம் எழுதுவா.” கையை நீட்டினாள். “குடு.”

கூடாரத்துக்குப் போனோம். அக்கா கோலியை டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்னுது விழுந்திடுச்சா?” என்று சார் பையைத் தடவிப் பார்த்தார். உள்ளே மூன்று கிலுகிலுத்தன. கோலியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இந்தப் பூ இப்ப வர்றதில்லையே. எங்க கெடச்சுது?”

“குழி அடியில சார்,” என்றாள் அக்கா.

சார் எழுந்து வந்தார். குழியைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், திரும்பிச் சாலையைப் பார்த்தார். “அப்போ இங்க ரோடு, வீடெல்லாம் கெடையாதேம்மா. அந்தப் பக்கத்துலேர்ந்து நடந்து வருவோம்.” சாலைக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். “நான் மாணவனா இருந்தப்போ. எங்க சார் பாக்கற மேட்டுல எல்லாம் ஒரு குழி போடச் சொல்வார். அப்புறம் பண உதவி நின்னுபோச்சு, அறிக்கையே வரல. எத்தனை மேடுன்னு எனக்கே...” கோலியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். “அந்த மறக்காத மக்கள் நான்தான் போலிருக்கு.”

நான் மண்ணைப் பார்த்தேன். சிரிப்பு வந்தால் அங்கே பார்ப்பதுதான் எங்கள் துறையில் மரபு.

“என்னைப் பத்தி அறுபது பக்கம் எழுதியிருக்கே,” என்றார் சார். “பயபக்தின்னு போட்டிருக்கே. எனக்கு அன்னைக்குப் பயங்கரப் பசி.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்து பிரயோஜனம் இல்லை.

சார் குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்ணும்மா. சும்மா அள்ளிக் கொட்டியிருக்கலாம். மனசு வரல. பெரிசைக் கீழ வச்சேன், சின்னதை மேல அடுக்கினேன். மணலைச் சலிச்சுப் போட்டேன். யாரும் செய்யச் சொல்லல. ஏன் செஞ்சேன்னு இப்பவும் தெரியாது. நீ எழுதினதுல ஆளும் காலமும்தான் தப்பு.”

“ஆய்வேட்டுல அது ரெண்டும்தான் சார் முக்கியம்,” என்றாள் அக்கா.

மறுநாள் துறையின் சாமான் அறையில் தேடினோம். கடைசி அலமாரியின் உச்சியில், யாரும் திறக்காத தகரப் பெட்டிக்குள் விளிம்புகள் இருந்தன. சார் ஒரு கறுப்பு விளிம்பை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அவள் தன் ஓடுகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக வைத்து வைத்துப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டை மறந்து பார்த்தாள். பிறகு ஒரு ஓட்டில் விளிம்பு சரியாகப் போய் உட்கார்ந்தது. உடைந்த இடத்தில் ஒரு மயிரிழைகூட இடைவெளி இல்லை. அக்கா கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வாய் வந்திடுச்சு,” என்றேன்.

“ம்,” என்றாள். “இப்ப என்ன சொல்லுதுன்னு முதல்லேர்ந்து கேக்கணும்.”

முதலிலிருந்து என்றால் இன்னும் இரண்டு வருடம். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அதைச் சொன்னபோது அப்பா எழுந்து போய் வாசலில் காகிதத்தின் மேல் இன்னொரு காகிதம் ஒட்டிவிட்டு வந்தார். “பசை நல்ல பசை,” என்றார். அம்மாதான் கேட்டாள்: “உங்க சார் போட்ட கோலிக்கு நீ ஏண்டி ரெண்டு வருஷம் உக்காரணும்?” அக்கா, “கோலி போட்டதாலதாம்மா ரெண்டு வருஷம். போடலன்னா ஆயுசுக்கும் தப்பு,” என்றாள்.

வார இறுதியில் குழியை மூடப் போனோம். சார் பையிலிருந்து ஒரு கோலியை எடுத்தார்.

“பழசும் வேணும் சார்,” என்றாள் அக்கா.

“அது எதுக்கு?”

“ரெண்டு தடவை ஆள் வந்திருக்குன்னு தெரியணுமில்ல?”

சார் கொடுத்தார். நான் இரண்டையும் அடியில் வைத்தேன். ஒன்றோடொன்று மோதிச் சின்னதாக ஒரு சத்தம். பிறகு, நாங்கள் எடுத்துப்போக அவசியமில்லாத ஓடுகளைக் கூடையோடு கவிழ்க்கத் தூக்கினேன்.

“டேய், கொட்டாதே,” என்றாள் அக்கா.

குழிக்குள் இறங்கினாள். பெரிய துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி அடியில் அடுக்கினாள். அதற்கு மேல் சிறியவை. கடைசியில் சார் சல்லடையை எடுத்து, மணலை இரண்டு தடவை சலித்துக் கொடுத்தார். அவள் அதை உள்ளங்கையால் பரப்பினாள். நான்காம் அத்தியாயத்தில் உள்ளபடியே.