இரட்டை விளிம்பு

பெட்ரோல் பங்க் கல்லாவில் உட்கார்ந்திருந்தவனுக்குச் 'சில்லறை' என்று பட்டப்பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வருகிற காசையெல்லாம் பூதக்கண்ணாடியில் புரட்டுவான். எழுத்து இரட்டையாக விழுந்திருக்கிறதா, விளிம்பு கோணியிருக்கிறதா? அப்படி அச்சுப் பிழை ஏதாவது கண்ணில் பட்டால், தன் காசைக் கல்லாவில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வான். யாருமே பார்க்காததைத் தான் பார்த்துவிட்ட மிதப்பு ஒரு வாரம் தாங்கும். எட்டு வருஷத்தில் ஒன்றுகூட விலை போகவில்லை. நாணய வியாபாரி உதட்டைப் பிதுக்குவார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். தப்பாகப் பார்த்துவிட்டதாக அவன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே படத்தில், மூன்று வயது மகளின் நெஞ்சுக்குள் ஒரு வட்டம் தெரிந்தது.

"என்னத்த முழுங்கினா? காசா, பட்டன் பேட்டரியா?" டாக்டரம்மா அவசரப்படுத்தினார். "விளிம்பு ரெண்டாத் தெரியுது. குழந்தை அசைஞ்சதாலகூட இருக்கலாம். காசுன்னா நாளைக்கு வரைக்கும் பாக்கலாம். சாப்பிட்ட வயித்தோட மயக்க மருந்து குடுக்கறது ஆபத்து. பேட்டரின்னா நிமிஷத்துக்கு நிமிஷம் உள்ள வெந்துபோகும்."

"காசுதான் டாக்டர்," என்றான். நேற்றுக் கிடைத்தது, இரட்டை விளிம்பு. காலையிலிருந்து வீட்டு மேஜையில் காணோம். குரலில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது, பாவி.

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரம்மா எழுந்தார்.

அவன் பழக்கதோஷத்தில் படத்தை இன்னொரு தடவை பார்த்தான். அவன் காசில் உள்கோடு பாதி வரைக்கும்தான் ஓடும். இதில் முழுச் சுற்று. காசு நிறுக்கும் சின்னத் தராசு, பட்டன் பேட்டரியில் ஓடுவது, காலையில் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது, அடிமூடி கழன்றிருந்தது. காசைத் தேடுகிற அவசரத்தில் அதைத் தள்ளி வைத்தவனே அவன்தான்.

மயக்க மருந்தில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? டாக்டரம்மா கதவைத் திறந்துவிட்டார்.

"டாக்டர், நில்லுங்க! நான் தப்பாப் பாத்துட்டேன். அது பேட்டரி."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

ஸ்ட்ரெச்சர் ஓடியது. நாற்பது நிமிஷம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார்.

"எடுத்தாச்சு. உள்ள புண்ணாயிருக்கு, ஆறிடும். நாளைக்கு வரைக்கும் விட்டிருந்தா ஓட்டை விழுந்திருக்கும்."

அவன் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். மனைவி பக்கத்தில் உட்காரவில்லை, எதிரே நின்றாள்.

"எட்டு வருஷமா நீங்க காட்டுன ஒரு காசையும் நான் நம்புனதில்ல," என்றாள். "இன்னிக்கு 'காசுதான்'னு சொன்னீங்களே, அதை நம்பிட்டேன்."