குப்பைக்குப் போன இருபது மில்லி

வெர்லின் டொலெஃப்சனின் இடது கால் கட்டைவிரலை மறுநாள் காலையில் எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் ஸ்டென்சல் சாப்பாட்டு அறைக்குப் போனார். வெள்ளிக்கிழமை. பொரித்த மீன் தீர்ந்துவிடுமே என்ற கவலை அவருக்கு. நர்ஸ் கோரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று நாளாக மருந்து ஏறுகிறது, காய்ச்சல் நூற்றியிரண்டை விட்டு இறங்கவில்லை. சர்க்கரை நோய்க்காரரின் விரல், புண் கறுத்துக்கொண்டே போகிறது. இத்தனைக்கும் ஐம்பது மில்லி மருந்தை நாலு மணி நேரம் ஆற அமர ஏற்றும் பம்ப். சோம்பேறித்தனத்துக்குப் பரிசு கொடுத்தால் அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

"வெட்டின விரலைப் பார்சல் கட்டித் தருவீங்களா?" என்று கேட்டார் வெர்லின். எழுபது வயது, விஸ்கான்சினில் ஐம்பது வருஷம் பால் பண்ணை நடத்தியவர்.

"ஏன், நாய்க்குப் போடவா?"

"அது தொடாது. அதுக்கு என்னையே பிடிக்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் போர்வைக்குள் அந்த விரலை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோரின் அதைக் கவனித்தாள்.

பம்ப் கத்தியது. பை காலி. அவள் கை தன்பாட்டுக்குக் கழற்றியது, சுருட்டியது, டியூபோடு குப்பையில் போட்டது. அந்த வார்டில் எல்லாரும் அப்படித்தான். மற்றவர்களுக்குப் பக்கத்திலேயே சலைன் ஓடும். மருந்து தீர்ந்ததும் அது பின்னாலேயே வந்து டியூபில் நிற்பதைத் தள்ளிவிடும். வெர்லினுக்கு இதயம் பலவீனம், நீர் சேரக்கூடாது என்று முதல் நாளே சலைனை நிறுத்தியாயிற்று.

"ஏம்மா, மூணு நாளா பாத்துட்டிருக்கேன், குழாய் நிறைய வச்சுத் தூக்கிப் போடுறியே," என்றார் வெர்லின். "கறந்து முடிச்சதும் குழாய்ல நிக்கிற பாலை நான் இப்படிக் கொட்டியிருந்தா, என் பொண்டாட்டி என்னையும் சேத்துக் கொட்டியிருப்பா."

"வாயை மூடிட்டுப் படுங்க," என்றாள். இரண்டு அடி நடந்து நின்றாள். திரும்பி வந்து குப்பைத்தொட்டியில் கையை விட்டாள். முப்பது வருஷ சர்வீசில் செய்யாத காரியம். டியூபை அளவுக் கோப்பையில் வடித்தாள். இருபது மில்லி. ஐம்பதில் இருபது.

மூன்று நாளில் ஒன்பது பை. ஒவ்வொன்றுக்கும் 'முழுவதும் ஏறியது' என்று கையெழுத்து. அதில் ஐந்து அவளுடையது. கோப்பையைக் கவிழ்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. விரல் போகும், அவ்வளவுதான்.

சாப்பாட்டு அறையில் டாக்டரின் மீனுக்குப் பக்கத்தில் கோப்பையை வைத்தாள்.

"என்ன கண்றாவி இது?"

"வெர்லினுக்குப் போக வேண்டிய மருந்து. பாதிக்குக் கொஞ்சம் மேலதான் அவருக்குப் போயிருக்கு. மீதியைக் குப்பைத்தொட்டிக்குக் குடுத்திருக்கோம். அஞ்சு தடவை நானே குடுத்தேன். தொட்டி நல்லா ஆரோக்கியமா இருக்கு."

டாக்டர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அதைப் பார்க்க அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

"திங்கள்கிழமை வரைக்கும் வெட்டல," என்றார் கடைசியில். "ஒவ்வொரு பைக்கும் அப்புறம் இருபத்தஞ்சு மில்லி சலைன் விடு. அவ்வளவை இதயம் தாங்கும். ஆனா வேகமா விட்டுடாதே..."

"டியூப்ல நிக்கிற மருந்து மொத்தமா உள்ள பாஞ்சிடும். அதே வேகத்துலதான் விடுவேன். உங்க மீன் ஆறுது, சாப்பிடுங்க."

வெர்லினிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்போ தூக்கிப் போட்டது யாரு?"

"பெரும்பாலும் நான்தான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முழுக்க ஒரு நக்கல்கூட இல்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது கோரினுக்கு.

திங்கட்கிழமை காய்ச்சல் தொண்ணூற்றொன்பது. புண்ணின் ஓரத்தில் கறுப்பு விலகி, ஆறுகிற சதையின் சிவப்பு வந்திருந்தது. டாக்டர் விரலை அழுத்திப் பார்த்து, "இருக்கட்டும்," என்றார்.

கோரின் மண்டியிட்டு வெர்லினுக்குக் காலுறை மாட்டினாள்.

"மெதுவா. அவளுக்கு வலிக்கப்போகுது."

"யாருக்கு?"

"விரலுக்குத்தான். கோரின்னு பேர் வச்சிருக்கேன். வெட்டி எறிய இருந்தேன், அப்புறம் வச்சுக்கலாம்னு விட்டுட்டேன்."

அவள் தலையைத் தூக்கவில்லை. மாட்டிய காலுறையையே மறுபடி மறுபடி இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.