அக்காவுக்கு நான் செய்த மொழிபெயர்ப்பு

தொண்ணூற்று நாலாம் ஆண்டு மாசி மாதம், கனடாவில், ஸ்காபரோவில் ஓர் ஆஸ்பத்திரியின் நாலாம் மாடியில் நான் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளன். என் ஆங்கிலம் டோனட் கடையில் பழகியது. கோப்பி பெரிசா சின்னனா என்பது வரைக்கும் திறம். அதற்கு மேலே துணிச்சல்தான்.

வருத்தக்காரி, அதாவது நோயாளி, என் அக்கா கிளடிஸ். நுரையீரலில் புற்றுநோய். இன்னும் மூன்று கிழமைதான் உயிர் என்று டொக்டர் சொல்லி ஒரு கிழமை போய்விட்டது. நான் அதை, "நெஞ்சில சளியாம். மூண்டு கிழமையில சரிவருமாம்" என்று பெயர்த்திருந்தேன். பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து அக்காவின் மகள் பேர்ணடெற் போட்ட உத்தரவு அது. "மூச்சும் விடாதேங்கோ மாமா. தெரிஞ்சா அம்மா அண்டைக்கே போயிடுவா." எங்கள் ஆட்களின் சட்டப்படி வருத்தக்காரரைத் தவிர எல்லாருக்கும் வருத்தம் தெரிந்திருக்கும்.

அன்று மத்தியானம் டொக்டர் ஃபைலோடு வந்தா. ஒட்சிசன் இறங்குகிறது, மூச்சு நின்றால் மெசினில் போடவா வேண்டாமா, அக்காவே இப்போது சொல்லவேண்டும் என்றா.

நான் அக்காவைப் பார்த்தேன். "அக்கா, கெதியாச் சுகம் வரவேணுமோ எண்டு கேக்கிறா."

"இதென்ன விசர்க் கேள்வி?" அக்கா டொக்டருக்கே தலையாட்டினா. "யெஸ், யெஸ்!"

டொக்டர் அதை மெசினுக்குச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு வெளிக்கிட்டா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாய்க்குள் குழாய் போனால் அக்காவால் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது, நற்கருணை வாங்க முடியாது. ஒவ்வொரு நாளும் செபமாலை முடிய, "நல்ல மரணம் தாரும் ஆண்டவரே, உம்முடைய முகத்தைக் காட்டும்" என்று கேட்ட மனிசி. "இப்பவே விசாவுக்கு எழுதிறியளோ?" என்று பகிடி விட்டவன் நான்.

"ஒன் மினிற், டொக்டர்!"

கதவடியில் அவ நின்றா, மணிக்கூட்டைப் பார்த்தபடி.

"அக்கா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"எதை?"

"எல்லாத்தையும். சளியில்லை. கான்சர். இன்னும் ரெண்டு கிழமைதானாம். மெசினில போடவோ எண்டுதான் இப்ப கேட்டவ."

அக்காவின் கை போர்வையைச் சுருட்டியது. திரையில் ஒட்சிசன் எண்பத்தாறு, எண்பத்துநாலு. பேர்ணடெற் சொன்னது பலிக்கப்போகிறது, நான்தான் கொலைகாரன் என்று நினைத்தேன்.

"ஒரு கிழமையை நீ திண்டிட்டாய்," என்றா அக்கா. "ஆண்டவரிட்டைப் போறவளை ஒரு கிழமையா ரீவியில மல்யுத்தம் பாக்க விட்டியே, மடையா!"

"அக்கா..."

"கூப்பிடு அவவை. கூட்டாமல் குறைக்காமல் சொல்லு. மெசின் வேண்டாம்."

சொன்னேன். டொக்டர் முன்பு எழுதியதை வெட்டினா.

"பாதரை இண்டைக்கே கூப்பிடவேணும். அங்கை எனக்காக ஒராள் காத்துக்கொண்டிருக்கிறார்."

அதையும் சொன்னேன். புருசனா என்று டொக்டர் மெல்லக் கேட்டா.

"அந்தாளும் எங்கையாவது நிக்கும். நான் சொல்லுறது யேசுவை. வெக்கப்படாமல் சொல்லு."

சொன்னேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தா.

"பயமாக் கிடக்கு. அதையும் சொல்லு. எண்டாலும் அவரைக் காண ஆசை."

பாதியில் என் குரல் உடைந்துபோயிற்று.

"அழுதழுது சொன்னா அவவுக்கு என்ன விளங்கும்? வடிவாச் சொல்லு."

சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னேன்.