தூங்கி எழுந்த கோபம்

மார்லிஸ் கொஸ்கெலா இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுவாள். காலை ஐந்தரைக்கு எழுவாள். ஆறு மணிக்கு ஒரு லித்தியம் மாத்திரை, இரவு ஒன்பதுக்கு இரண்டு. ஏழுக்கெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் நிற்பாள். நானூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஆக வேண்டும். மாலையில் ஏரிக்கரையோரம் நாற்பது நிமிட நடை. பனி கொட்டினாலும் அது தவறாது. படுக்குமுன் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இரண்டு எண்களை எழுதுவாள். எத்தனை மணி நேரம் தூங்கினாள், மனசு எப்படி இருந்தது. ஐந்து என்றால் சமநிலை. எட்டுக்கு ஏறினாலும் இரண்டுக்கு இறங்கினாலும் மருத்துவமனையில் டெனீஸ் நர்ஸுக்குப் போன் செய்ய வேண்டும்.

பதினொரு வருடங்களாக இப்படித்தான். அதற்கு முன்னால் நடந்ததை அவள் ஊரான டுலூத்திலும் அதற்கு வடக்கேயும் உள்ள அவள் சொந்தக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. மனசு ஏறி இறங்கும் அவள் நோய்க்கு பைபோலார் என்று அப்போது பெயர்கூட வைக்கப்படவில்லை. அப்பா இறந்து நான்கு நாள் கண்ணை மூடாமல் இருந்தவள், தேவாலயத்தில் எழுந்து நின்று நாற்பது நிமிடம் பேசினாள். அப்பாவின் மீன்பிடி படகில் ஆரம்பித்து, ஏரிக்கு அடியில் ஒரு நகரம் இருக்கிறது என்பதில் கொண்டுபோய் முடித்தாள். அக்கா வெர்னாவின் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மார்லிஸ் அதைக் கவனிக்கவில்லை. வெர்னா கவனித்தாள். அந்த வாரமே மார்லிஸை ஆஸ்பத்திரியில் பூட்டிய வார்டில் சேர்த்தார்கள்.

அம்மா அதன்பிறகு வெர்னாவோடு போய்விட்டாள். எல்லைப்பக்கத்து ஊர், பேருந்தில் நான்கு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மார்லிஸ் போன் செய்வாள். ஜனவரியில் மூன்று வாரம் தொடர்ந்து, "அம்மா தூங்கறாங்க," என்றாள் வெர்னா. பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு வேறு மாதிரி சொன்னாள்.

"அம்மா செவ்வாய்க்கிழமை போயிட்டாங்க, மார்லிஸ். வெள்ளிக்கிழமை தேவாலயத்துல எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"முந்தாநாள்."

மார்லிஸ் சுவர் நாட்காட்டியில் அந்த வெள்ளிக்கிழமையைத் தேடினாள்.

"உன்கிட்ட சொல்லியிருந்தா நீ தூங்கமாட்ட. தூங்கலேன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? உன் நல்லதுக்குத்தான்டீ."

அன்று அவள் அழுதாள். இப்படிப்பட்ட நாட்களுக்கென்று மருத்துவர் கொடுத்திருந்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நாட்காட்டியில் மூன்று என்று எழுதிவிட்டுப் படுத்தாள். அக்கா செய்தது அக்கறையாகவும் இருக்கலாம் என்று பாதி நம்பினாள்.

மார்ச்சில் அப்பாவின் தங்கை ஐலி அத்தையிடமிருந்து ஒரு வாழ்த்தட்டை வந்தது. முன்பக்கம் லில்லிப் பூ. உள்ளே நடுங்கும் கையெழுத்து: "உன்னை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் அம்மாவின் இறுதி ஆராதனைக்கு வர முடியவில்லை என்று வெர்னா எல்லோரிடமும் சொன்னாள். பாவம் குழந்தை. சீக்கிரம் தேறி வா."

மார்லிஸ் பனிக்காலணியைக் கழற்றாமலே நின்றபடி அதை இரண்டு முறை படித்தாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். நானூறு பிள்ளைகளுக்கான கேரட்.

அந்த நிமிடமே பேருந்தேறிப் போய் வெர்னா வீட்டுக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும் போலிருந்தது. போனால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. வெர்னா கதவைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "மாத்திரை போட்டியா?" பக்கத்து வீட்டுக்காரன் அவள் காரில் இடித்தபோதும், மேலாளர் விடுமுறையை வெட்டியபோதும், அவள் குரலை உயர்த்திய உடனே எவரோ ஒருவர் கேட்ட கேள்வி அது. பதினொரு வருடத்தில் அவளுடைய ஒரு கோபத்தைக்கூட கோபம் என்று யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

இந்த ஒன்றை அப்படி விடுவதாக இல்லை.

மறுவாரம் இரத்தப் பரிசோதனைக்குப் போனபோது டெனீஸிடம் நேராகவே கேட்டாள். "எனக்கு என் அக்காவப் பழிவாங்கணும்னு இருக்கு. இது நோயா?"

டெனீஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "தூக்கம்?"

"ஏழே முக்கால்."

"ராத்திரி புதுசு புதுசா திட்டம் ஓடுதா? செலவு? பேச்சு நிக்காம வருதா?"

"இல்ல. ஒரே திட்டந்தான். காலையில எழுந்தா நேத்து இருந்த அளவுக்கே இருக்கு."

டெனீஸ் நாட்காட்டித் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். மார்லிஸ் சொல்லி முடித்ததும் நர்ஸின் கழுத்து சிவந்துவிட்டது.

"இது கோபந்தாங்க," என்றாள். "என் அக்கா செஞ்சிருந்தா நான் இந்நேரம் ஜெயில்ல இருப்பேன். ஆனா ஒண்ணு. தூக்கத்த விட்டீங்கன்னா அவ ஜெயிச்சிடுவா."

வடக்கே மே மாதம்தான் மண் இளகும். குளிர்காலத்தில் இறந்தவர்களின் பெட்டியை அதுவரை கல்லறைத் தோட்டத்துக் கிடங்கில் வைத்திருப்பார்கள். அம்மாவை அடக்கம் செய்யும் நாள் மே பதினாறு, சனிக்கிழமை. பத்து வாரம் இருந்தது. மார்லிஸ் அந்தப் பத்து வாரமும் ஒரு மாத்திரையைத் தவறவிடவில்லை, ஒரு நடையைத் தவறவிடவில்லை. பக்தியோடு நோன்பிருப்பவர்கள்கூட அவ்வளவு கறாராக இருந்திருக்கமாட்டார்கள். தன் உடம்பை ஒரு சாட்சியைப்போலத் தயார் செய்தாள்.

முதல் நாளே போய் ஐலி அத்தை வீட்டில் தங்கினாள். ஒன்பதரைக்குப் படுத்தாள். மறுநாள் கல்லறையில் பெட்டி இறங்கியபோது அழுதாள், மற்றவர்களைப் போலவே. வெர்னா மறுபக்கம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெடிக்கப் போகும் ஒன்றைப் பார்ப்பதுபோல.

அடக்கம் முடிந்து தேவாலயத்து நிலவறையில் சாப்பாடு. பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, முட்டைச் சாலட், பெரிய கெட்டிலில் காபி. முதலில் வந்தது ஒன்றுவிட்ட அண்ணன் ராய்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துட்டியா? நல்லாத்தான் இருக்க."

"நான் ஆஸ்பத்திரியில இல்ல, ராய். வேலையில இருந்தேன். அம்மா இறந்ததே அடுத்த ஞாயித்துக்கிழமைதான் எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தாள். அடுத்து வந்தவரிடமும் அதே வார்த்தைகள், அதே குரல். ஒன்பது பேரிடம் சொன்னாள். பேச்சு மேசை மேசையாக நகர்ந்து போவதை அவளால் பார்க்க முடிந்தது. தலைகள் திரும்பின. கடைசியாக, காபி ஊற்றிக்கொண்டிருந்த வெர்னாவிடம் அது போய்ச் சேர்ந்தது.

வெர்னா கெட்டிலோடே வந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி, இரக்கமான குரலில் கேட்டாள்: "மார்லிஸ், கண்ணு, மாத்திரை போட்டியா?"

"ஆறு மணிக்குப் போட்டேன்." மார்லிஸ் கைப்பையிலிருந்து பிப்ரவரித் தாளை எடுத்து ஐலி அத்தையிடம் கொடுத்தாள். "அத்தை, அம்மா இறந்த வாரத்தைப் படிங்க."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "செவ்வாய், ஏழரை, அஞ்சு. புதன், எட்டு, அஞ்சு. வியாழன், ஏழே முக்கால், நாலு. வெள்ளி, எட்டு, அஞ்சு." நிமிர்ந்தாள். "என்னடி இது?"

"நான் தூங்கின மணி நேரம். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டுன்னு அவளையே கேளுங்க."

வெர்னாவின் முகம் வெளிறியது. "அப்பா சாவுல நீ என்ன பண்ணினேன்னு மறந்துட்டியா? என் மாமியார் சாகறவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினா. அம்மாவையாவது மரியாதையா அனுப்பணும்னு நினைச்சேன். அது தப்பா?"

யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டார். அந்த ஒரு நொடி, கூட்டம் வெர்னா பக்கம் சாய்ந்ததுபோல இருந்தது. மார்லிஸுக்கே அக்கா சொன்னதில் ஒரு பகுதி உண்மை என்று பட்டது. பிறகுதான் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியது. திட்டத்தில் இல்லாத கேள்வி.

"அம்மா என்னைக் கேட்டாங்களா?"

வெர்னா அருகிலிருந்த கோப்பையில் காபி ஊற்றினாள்.

"கேட்டாங்களா, வெர்னா?"

"கேட்டாங்க. ரெண்டு மூணு தடவ."

"நீ என்ன சொன்ன?"

வெர்னா கெட்டிலைக் கீழே வைத்தாள். "அதேதான்."

ஆக அம்மா, சின்ன மகள் மறுபடியும் பூட்டிய வார்டில் கிடக்கிறாள் என்று நம்பியே கண்ணை மூடியிருக்கிறாள். பதினொரு வருடத்து ஒன்பதரை மணிகள், நடைகள், ஊசிகள் எல்லாம் அம்மாவைப் பொறுத்தவரை தோற்றுப்போயிருந்தன. ஐலி அத்தை, "அடிப் பாவி," என்றாள். ராய் தட்டைத் தள்ளி வைத்தான்.

மார்லிஸ் எழுந்தாள். "வா. கல்லறைக்குப் போலாம்."

"எதுக்கு?"

"அம்மாகிட்ட சொல்லு."

வெர்னா சுற்றிலும் பார்த்தாள். அவளுக்காக ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முப்பது பேரும் மேலங்கியை மாட்டிக்கொண்டு மேடேறினார்கள். புதுமண் இன்னும் ஈரமாக இருந்தது.

"அம்மா," என்றாள் வெர்னா. "மார்லிஸ் ஆஸ்பத்திரியில இல்ல. நல்லாத்தான் இருந்தா. நான் பொய் சொன்னேன்."

"காதுல விழல," என்றாள் மார்லிஸ். "சத்தமா."

வெர்னா மறுபடி சொன்னாள், உடைந்த குரலில், கத்தலாக. மண்டியிட்டு அழுதாள். யாரும் தூக்கிவிடவில்லை. மார்லிஸும் தூக்கிவிடவில்லை. அக்காவின் காலுறை சேற்றில் நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவளுக்கு இனித்தது. அந்த இனிப்புக்கு அவள் வெட்கப்படவில்லை.

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் ஆறு மணி நேரம்தான் வந்தது. திங்களன்று காலையிலேயே டெனீஸுக்குப் போன் செய்தாள். இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் நடை, சாப்பாடு, தூக்கம் என்று மட்டும் இருந்தாள். புதன்கிழமை தூக்கம் ஏழரை மணி நேரத்துக்கு வந்துவிட்டது.

ஜூலையில் வெர்னா போன் செய்தாள். "இன்னும் கோபமா?"

"ஆமா."

"எத்தனை நாளைக்குடீ?"

"தெரியல. தினம் எழுந்ததும் பாக்கறேன். அப்படியேதான் இருக்கு. எனக்கு நடக்கப் போகணும், வைக்கறேன்."

ஆகஸ்டில் ராய் வீட்டில் குடும்பம் கூடியது. வெர்னா வரவில்லை, யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. ஐலி அத்தை தன் பக்கத்து நாற்காலியை மார்லிஸுக்கென்று பிடித்து வைத்திருந்தாள். மார்லிஸ் பெர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட பலகாரத்தில் இரண்டாவது துண்டும் வாங்கிச் சாப்பிட்டாள்.