தோளில் ஒரு கை

மலேசியாவின் தம்பின் ஊரில், ஒரு போட்டோ கடையில் நெல்சனைக் கழுத்தோடு சேர்த்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். கணினித் திரையில்தான். நெல்சன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மாரடைப்பில் போன அண்ணன் மைக்கல்ராஜின் சவப்பெட்டிக்கு முன்னால் வைக்கப் படம் வேண்டும். அவன் நன்றாக விழுந்திருந்த ஒரே படம், 'பால்வெட்டு' ராக் குழுவின் கடைசி ஆல்பத்து அட்டையில் இருந்தது. டிரம்ஸ் சத்தியசீலனை வெட்டினார்கள், பேஸ் மகேந்திரனை வெட்டினார்கள், கிட்டார் நெல்சனையும் வெட்டினார்கள். பாடகன் அண்ணன் மட்டும் மிஞ்சினான். மேடையிலும் அப்படித்தான்.

"பாஸ், தோள்ல ஒரு கை மிச்சம் இருக்கு. எடுத்துடவா?"

அது நெல்சனின் கை. படம் எடுத்த அன்றும் முன்னால் போய் நின்ற அண்ணனைப் பின்னுக்கு இழுத்த கை. ஆல்பம் வந்த மாதமே குழு உடைந்தது. அதன் பிறகு அண்ணன் தம்பி பேச்சு கிறிஸ்துமஸுக்கு மட்டும்.

"இருக்கட்டும்," என்றான்.

எஸ்டேட் வீட்டு வாசலில் கூடாரம் நிறைந்திருந்தது. ரசிகர்கள் எப்போதும் போடும் கறுப்பு டீ-ஷர்ட்டிலேயே வந்திருந்தார்கள்; துக்கத்துக்கென்று தனியாக உடுத்த வேண்டியிருக்கவில்லை. ஒருவன் நெல்சனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"கடைசி பாட்டுல அந்த கிட்டார் சோலோ... அண்ணன் உருக்கிட்டாருலா!"

"அவரு பாட மட்டும்தான் செஞ்சாரு."

"அடக்கம்லா உங்களுக்கு."

படத்தைப் பார்த்த ஏஞ்சலா அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியாடா, ஆண்டவரு கை! கூட்டிட்டுப் போயிட்டாரு."

"ஆண்டவரு மண்டையோட்டு மோதிரமா போடுவாரு, அத்த?"

"எழவு வீட்ல வாய மூடுடா."

அத்தையைச் சுற்றி நாலு பேர் சிலுவை போட்டார்கள். செத்தும் அண்ணனுக்குக் கைதட்டல், தன் கைக்கு மட்டும் வேறு பெயர்.

அண்ணி டோரின் மட்டும் படத்திலிருந்த மோதிரத்தையும், இப்போது அதைப் போடாத அவன் வெறும் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமையானா அந்தக் கடைசிப் பாட்டத்தான் போடுவாரு," என்றாள். "சோலோ வந்தா வீட்ல மூச்சு விடக் கூடாது. 'என் தம்பி வாசிக்கிறான், சும்மா இருங்க'ம்பாரு."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே, அண்ணி."

பாதிரியார் ஜெபத்தை முடித்தார். பெட்டிக்காரர் மூடியைத் தூக்கி வந்தார். அண்ணனின் சட்டைக் காலர் மடங்கியிருந்தது. நெல்சன் குனிந்து அதை நிமிர்த்திவிட்டான். கை தோளிலேயே நின்றது.

"பாஸ், மூடணும். கைய எடுத்துடுங்க."

"இருக்கட்டும்," என்றான் நெல்சன்.